கார்காலத்துக்கு எண்பத்தைந்து

சென்ற வாரம் என் ஈருருளியைப் பழுதுநீக்கக் கொடுத்திருந்தேன். அங்கிருந்த பணியாளர் அதன் வயிற்றில் ஒரு கம்பியைச் செருகிவிட்டுக் கணிப்பொறித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கார்பரேட்டரைக் கழற்றவில்லையா?" என்றேன். "இதுல கார்பரேட்டரே கிடையாது சார், பெட்ரோல் அளவை வண்டியே பாத்துக்கும்" என்று சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். அந்தத் துணியிலிருந்து பெட்ரோல் மணம் வந்தது. எனக்கு அது போதும்; நொடியில் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் திருச்சுழியில் தமிழாசிரியன். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு சிறிய மோட்டார் வண்டியில் நாள்தோறும் போய்வருவேன். வண்டிக்கு மருத்துவர், வீரசோழனிலிருந்து வந்து பட்டறை வைத்திருந்த காதர், என் வயதினர். வண்டியைத் தொடுமுன் அவர் வாசலுக்கு வந்து, உள்ளங்கையை வெயிலில் நீட்டிக் காற்றைப் பார்ப்பார். அதன் பிறகுதான் ஜெட்டைத் தேர்ந்தெடுப்பார்.

ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் இருக்கும், ஊசித்துளை கொண்ட ஒரு பித்தளைத் திருகு. எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்பதை அத்துளையே முடிவுசெய்யும். குளிர்ந்த காற்று செறிவானது. அதற்குப் பெரிய துளை வேண்டும். வெயிற்காற்று மெலிந்தது, சிறிய துளையே போதும். என் வண்டிக்கு வெயிலில் எண்பதாம் எண், மழைக்குளிரில் எண்பத்தைந்து. நான் அதற்கு 'நுண்டுளைத் திருகு' என்று பெயர் சூட்டினேன்.

"பேரு நல்லாருக்குய்யா. கடையில போயிக் கேட்டா ஒங்களத்தான் ஒரு மாதிரிப் பாப்பாக" என்றார் காதர்.

திருகைக் கழற்றி மாட்ட அவரிடமே கற்றுக்கொண்டேன். வினை அங்கே தொடங்கியது. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த முன்னோரை வகுப்பில் முழங்குகிறவனுக்கு, கையை நீட்டிக் காற்றைப் பார்ப்பது ஒரு முறையாகவே தோன்றவில்லை. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், நூல் சொல்கிறது. ஆகவே ஓர் ஆவணி முதல் நாளில், காதரைக் கேளாமல், எண்பதைக் கழற்றிவிட்டு எண்பத்தைந்தை மாட்டினேன். எண்பது மூக்குப்பொடி டப்பிக்குள் போனது.

அந்த வாரமே பரளச்சியில், என்னோடு பணியாற்றிய கணக்காசிரியரின் மகளுக்குத் திருமணம். தமிழ்முறைத் திருமணம் என்பதால் புரோகிதரை அழைக்கவில்லை. நடத்திவைக்க என்னைவிட்டால் ஆளில்லை. முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை.

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டியதும் வண்டி இருமியது, புகைந்தது, நின்றது. மணி எட்டரை. கார்காலத்து வானில் கைக்குட்டை அளவு மேகமும் இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பழைய திருகையே மாட்டிவிடுவோம் என்று டப்பியைத் திறந்தேன். வியர்த்த விரலிலிருந்து நழுவி, எண்பது ஒரு வெடிப்புக்குள் மறைந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் ஓடி வந்தார். "என்ன வாத்தியாரே, கம்மலையா தொலச்சீக?"

"வண்டிச் சாமான் அம்மா. மழைக்கு உரியதை மாட்டிவிட்டேன். வெயிலுக்கு உரியது விழுந்துவிட்டது."

அவர் கருவேலங்குச்சியை விட்டுத் துழாவினார். குச்சிக்கு அடி எட்டவில்லை. "ஆவணியில மழைக்கா? இங்ஙன மழ பேயும்னு ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

சொன்னது ஈராயிரம் ஆண்டு மரபு என்பதை விழுங்கிவிட்டு, வண்டியை உதைக்கத் தொடங்கினேன்.

அரைமணி நேரம் உதைத்துத் தோற்ற பிறகுதான், காதர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: "பெட்ரோலு கூடிப்போச்சுன்னா காத்தக் கூட்டிவிடுங்கய்யா." காற்று வடிகட்டியிலிருந்த பஞ்சை உருவியெடுத்தேன். கரி அப்பியிருந்த பிளக்கைக் கழற்றினேன். துடைக்கத் துணியில்லை, இடுப்பில் இருந்ததோ திருமணத்துக்கென்று சலவை செய்த வேட்டி. சட்டைப்பையில் அன்று நான் ஆற்றவிருந்த வாழ்த்துரை, ஏழு பக்கம். முதற்பக்கத்தைக் கிழிக்கும்போது நெஞ்சு வலித்தது. ஏழாம் பக்கத்தில்தான் பிளக்கு முகம் தெளிந்தது. வண்டி உயிர்த்தபோது ஒன்பதே முக்கால்.

"எங்கய்யா போனீக? இன்னும் அஞ்சு நிமிசந்தான் இருக்கு!" என்று கணக்காசிரியர் பந்தல் வாசலிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். கை கழுவவும் நேரமில்லை. தாலியை எடுத்துக் கொடுத்து, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை. பந்தலே அதிரும்படி எழுந்த கைதட்டல் மணமக்களுக்கானது என்றே இன்றுவரை நம்பிவருகிறேன். மஞ்சள் கயிற்றில் பதிந்த என் கரிவிரல் நிழற்படத்திலும் விழுந்திருக்கிறது. மணமகள் இப்போதும் அதைக் காட்டி, "அய்யா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காக" என்பார்.

மறுநாள் காதர் சிரித்து முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. "நம்மூருக்கு ஆறு காலமெல்லாம் கெடையாதுய்யா. ரெண்டுதான். வெயிலு, கொஞ்சங் கொறஞ்ச வெயிலு." சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து கையை நீட்டினார், இன்னோர் எண்பதை எடுத்து மாட்டினார்.

அந்தப் பட்டறை இன்றில்லை, காதரும் இல்லை. ஜெட் எண் கேட்பாரும் இல்லை. சரிசெய்த வண்டியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தவன், என்னையறியாமல் உள்ளங்கையை வெயிலில் நீட்டினேன். அனல். எண்பதுதான் என்று முடிவுசெய்தேன். வண்டி என்னைக் கேளாமலே புறப்பட்டது.