டீச்சர் வாங்கிய நன்மை

பெர்னதெத் டீச்சர் என்றாலே ஜீவனஹள்ளிப் பிள்ளைகளுக்கு உதறல்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கோவிலில் புதுநன்மை வகுப்பு எடுக்கிறவள். பூசையில் ஆண்டவரின் உடலாக நாக்கில் வைக்கிற அப்பம்தான் நன்மை; அதை முதன்முதலாக வாங்கப்போகிற பிள்ளைகளுக்கான வகுப்பு. "மனசுல யார்மேலயாவது கோபத்த வெச்சுக்கிட்டு நன்மை வாங்கினே, தொலைச்சிடுவேன்! போய் சமாதானம் ஆயிட்டு வா" என்று எத்தனை பிள்ளைகளை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாளோ, அவளுக்கே தெரியாது.

கடைசியில் அந்தச் சட்டம் அவளையே பிடித்துக்கொண்டது. பிப்ரவரியில் கணவன் கில்பர்ட்டுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஆகஸ்டில், இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அடுகோடி லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்ற மனுஷன், மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தான். பெர்னதெத் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள். நன்மைக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கோபம் அந்த ஆண்டவர்மேலேயே. உள்ளே இத்தனையை வைத்துக்கொண்டு நாக்கை நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

கில்பர்ட்டுக்கோ ஒரே ஆசைதான் மிச்சம். சாவதற்குமுன் ஒரு தடவை நன்மை வாங்கவேண்டும். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீட்டுக்கு நன்மை கொண்டுவரும் சிஸ்டர் பிரபா, அப்பத்தில் கடுகளவு கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் நனைத்து அவன் நாக்கில் வைத்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

ஆமென் என்று உதடு மட்டும் அசைந்தது. கண்ணை மூடி விழுங்கப் பார்த்தான். தொண்டை விடவில்லை. இருமல் வந்து ஆளையே உலுக்கியதில், தண்ணீரோடு அந்தத் துணுக்கும் வெளியே வந்து மோவாயில் ஒட்டிக்கொண்டது.

"அவருக்கும் நான் வேணாம் போல, பெர்னா" என்று காற்றாய்ப் போன குரலில் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையாட்டம் அழுதான்.

சிஸ்டர் துணியை எடுப்பதற்குள் பெர்னதெத் அந்தத் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சளியும் மருந்துக் கசப்புமாக இருந்தது. யோசித்துச் செய்யவில்லை. கீழே விழ விடக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அவரு எங்கயும் போகலைங்க. உங்க வாயிலேருந்து என் வாய்க்கு வந்திருக்காரு. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

கில்பர்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தான்.

அடக்கப் பூசையில் பெர்னதெத் நன்மை வரிசையில் போய் நின்றாள். கோபம் ஒரு பொட்டும் குறைந்திருக்கவில்லை. கில்பர்ட் இல்லாத வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும். ஆனால் அவள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினமாதிரி, அன்றைக்குக் கட்டிலருகே அத்தனை கோபத்தோடு வாங்கியவளை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை. அதை நினைத்தபோதுதான், இத்தனை மாசத்தில் முதல்முறையாக, அவளுக்கு அழுகை வந்தது.