மண் வேண்டாத செடி

மகள் பெங்களூரிலிருந்து பார்சலில் அனுப்பிய ஆர்க்கிட் செடி என் விரல் நீளம்கூட இல்லை. துளசிக்குச் செய்வதைப் போலவே செம்மண்ணும் சாணமும் போட்டு நட்டேன். பூஜையில் வைத்த தீர்த்தத்தைத் தினமும் ஊற்றினேன். இரண்டே வாரத்தில் இலை மஞ்சளாகிவிட்டது. மகள் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

பக்கத்து லைன் வீட்டில் ஒரு அசாம்காரத் தம்பி குடியிருந்தார். பனியன் கம்பெனி டெய்லர். மெலிந்த உடம்பு. நூல் வெட்டும் கத்தரி எப்போதும் கழுத்தில் தொங்கும். ஒருநாள் வாசலில் நின்று செடியைப் பார்த்தார்.

"அக்கா, மண்ணு போட்டா இது சாகும்."

"ஐயோ, இனிப் பொழைச்சுக்குமுங்களா தம்பி?"

செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினார். கத்தரியை அடுப்பில் காட்டி, அழுகியதை மட்டும் வெட்டினார். தேங்காய்மட்டைத் துண்டில் வைத்து, பனியன் துணி நாடாவால் கட்டினார்.

"இத்தனை பக்குவமாக் கட்டறீங்களே, உங்கூர்ல நெறையா வளத்துனீங்களாக்குமுங்க?"

"வளக்கலே அக்கா. அங்கே மரத்து மேலே தானா வரும். எனக்கு மரம் வெட்டற வேலை. மரம் விழுந்தா இதுவும் விழும். எவ்வளவு மிதிச்சேன், கணக்கு இல்லே."

சொல்லிவிட்டு, இறுகிவிட்டதோ என்று முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினார்.

இப்போது பச்சை வேர் ஒன்று விட்டிருக்கிறது. காட்டலாமென்று போனால், அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. விளக்கேற்றும்போது, "அந்தத் தம்பியைப் பார்த்துக்கோ முருகா" என்று வேண்டிக்கொள்கிறேன். முருகனுக்கு ஆளைத் தெரியும்.