அத்தை வேண்டாம் என்ற மார்க்கு

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் எங்கள் அச்சகத்தை, மாமனார் இறந்த பிறகு அவர்தான் நடத்தினார். மதுரையில் பயாப்சி எடுத்து நுரையீரலில் புற்றுநோய் என்றபோது, "பொகையே ஆகாதவளுக்கா?" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனார்.

டாக்டர் கொடுத்த மாத்திரை நன்றாகவே கேட்டது. இருமல் அடங்கியது. நோயின் போக்கைக் காட்டும் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் தாறுமாறாக ஏறியிருந்த எண் மெல்ல இறங்கியது. அத்தை அதை மார்க்கு என்பார், குறைந்தால் பாஸ். என் கணவருக்கு எப்போதும் ஏதாவது ஆர்டர் அவசரம். மதுரைக்கு நான்தான் கூடப் போவேன். ரத்தம் கொடுத்து, டாக்டருக்காகக் காத்திருந்து, வீடு திரும்பி உலை வைக்கும்போது கால் வீங்கியிருக்கும். பரிசோதனை நெருங்கினாலே அத்தைக்குத் தூக்கம் போய்விடும். அந்த எரிச்சலும் என்மேல்தான் விழும்.

பிறகு எண் ஏறத் தொடங்கியது. ஸ்கேனிலோ புதிதாக எதுவும் இல்லை.

"ரத்தத்துல ஏறுனதை மட்டும் வச்சு மருந்தை மாத்த முடியாதும்மா. பொறுத்துப் பாப்போம்," என்றார் டாக்டர்.

அடுத்த தடவையும் ஏறியது. அப்போதும் அதே பதில்.

பஸ்ஸில் அத்தை கேட்டார்: "ஏத்தா, ஏறுனாலும் ஒண்ணும் செய்யமாட்டாகன்னா, அதை நான் எதுக்குத் தெரிஞ்சுக்கிடணும்?"

எனக்கு அசதியில் தூக்கம்தான் வந்தது.

அடுத்த முறை டாக்டரிடமே சொல்லிவிட்டார். "இந்த மார்க்கு எனக்கு வேண்டாம் சார்."

டாக்டர் கோபப்படவில்லை. "சரிம்மா. ஸ்கேனை மட்டும் விட்டுராதீங்க. மூச்சு வாங்குனா உடனே வரணும்."

அந்தக் கோடையில் அத்தை மறுபடி அச்சகத்துக்குப் போனார். புஸ்வாண லேபிளில் சிவப்பு கம்மி என்று அடித்ததையெல்லாம் திரும்ப அடிக்கவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டை அணை மீன் வாங்கிவரச் சொல்லி, "நீ உக்காரு" என்று குழம்பை அவரே வைத்தார்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, அடுத்த ஸ்கேனுக்கு நாள் இருக்கும்போதே அத்தைக்கு மூச்சு வாங்கியது. ஸ்கேனில் கல்லீரல்வரை பரவியிருந்தது.

அத்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன். "ரத்தத்தை விடாமப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்கலாம். அதனால நாள் கூடியிருக்குமான்னு என்னால சொல்ல முடியலைம்மா."

அதைக் கேட்டு ஆறுதல் அடைவதா, அழுவதா என்று தெரியவில்லை. மாற்றிக் கொடுத்த மருந்து கேட்கவில்லை. கார்த்திகையில் அத்தை போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று என் கணவரும் அதையே கேட்டார். "விடாமப் பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமோ?"

"ஒரு தடவையாச்சும் நீங்க கூட வந்திருக்கலாம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொந்தக்காரர்கள் சாப்பிட்ட பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, உள்ளே போய்ப் படுத்தேன்.