அண்ணனைப் பார்க்க வந்தவர்

பக்கவாதத்தில் அண்ணனுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் அரசு இயன்முறை மருத்துவருக்காகப் பதிந்து வைத்திருந்தோம். அவர் வந்தால்தான் மடங்கிப்போன கை விரியும். செவிலிமேட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணனை ஆட்டோவில் ஏற்றி இறக்க மூன்று பேர் வேண்டும். வீட்டில் அண்ணியும் நானும்தான்.

தேவை உண்டா என்று பார்க்க சுகாதார நிலையத்திலிருந்து ஓர் அம்மா வருவதாக முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. ஆள் வருகிறார் என்றால் வீடு வீடாக இருக்க வேண்டும் அண்ணிக்கு. அண்ணனுக்கு முகம் மழித்து, குளிப்பாட்டி, இஸ்திரி வேட்டி கட்டி, இடுப்புக்கு ஒன்று, வலத் தோளுக்கு ஒன்று என்று தலையணை முட்டுக்கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கட்டிலடியில் இருந்த மூத்திரக் குடுவையை நான் கொல்லைப்பக்கம் ஒளித்தேன். அறையில் ஊதுவத்தி வேறு.

"எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார் வந்தவர்.

டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர் அண்ணன். யாரையும் காக்க வைத்துப் பழக்கமில்லை. குழறலாக, ஆனால் உடனே சொன்னார்: "நல்லா இருக்கேம்மா. காபி சாப்ட்டுட்டுப் போ."

"வெளிக்குப் போறதெல்லாம்?"

அண்ணன் எதிரிலேயே அண்ணி என்ன சொல்வார்? "அதெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்லம்மா."

வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று பதில் வந்தது. நான் சுகாதார நிலையத்துக்கே போய் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ஒரே ஆளு. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல. உங்க அண்ணன் மாப்ள மாதிரி உக்காந்துக்கினு இருந்தாரே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருநாள் சொல்லாம வாங்கம்மா" என்றேன்.

வந்தார். அண்ணி அண்ணனை ஒருக்களித்துத் திருப்பி, நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்த நேரம். பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாவும் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்குக் கோபம்: "சொல்லிட்டு வரக் கூடாதா?"

இப்போது இயன்முறை மருத்துவர் வருகிறார், மாதம் ஒருமுறை. அது போதாது என்று அவருக்கே தெரியும். அதனால் எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். காலையில் அண்ணி, ஆபீஸ் முடிந்து வந்ததும் நான்.

"கவர்மெண்ட் ஆளு பூ மாதிரி புடிக்கிறாரு. நீ இன்னாடா, தறியில பாவு இழுக்கற மாதிரி இழுக்கற?" என்பார் அண்ணன்.

"அவரு மாசத்துக்கு ஒரு நாள். நான் தெனம். அப்படித்தான் இருக்கும்."

நேற்று ஆள்காட்டி விரல் முழுதாக நீண்டது. விட்டால் மடங்கிவிடும் என்று பிடித்தபடியே அண்ணியைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு ஓடி வந்து பார்த்தார்.