அப்பா பர்மனென்ட் ஆனது

சூளகிரி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பையனின் சட்டையில் மெஷின் ஆயில் வாசனை அடித்தது. அப்பாவின் மீதும் அதே வாசனைதான் அடிக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். கான்ட்ராக்ட் ஆள். அவர் பர்மனென்ட் ஆக வேண்டுமென்று ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் அம்மா அழுவாள். எங்கள் வீட்டில் வேறெதற்கும் யாரும் முழங்கால் போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள் மெஷின் அவருடைய வலது கை விரல்களை எடுத்துக்கொண்டது. கேஸ் என்று போய்விடுவாரோ என்று, கட்டுப் பிரிப்பதற்கு முன்பே கம்பெனி அவரைப் பர்மனென்ட் வாட்ச்மேன் ஆக்கிவிட்டது.

அந்த ஞாயிறு ஆராதனையில் அம்மா சாட்சி சொல்ல எழுந்தாள்.

"கர்த்தர் எங்க ஜெபத்தைக் கேட்டாருங்க. அவரு பர்மனென்ட் ஆயிட்டாரு."

சபையே கை தட்டியது. என் பக்கத்தில் அப்பா, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"வேற என்ன விண்ணப்பம் பிரதர்?" என்றார் பாஸ்டர்.

"ஒண்ணும் வேணாங்கய்யா. இனிமே கேக்கறதுக்கே பயமா இருக்குது."

பஸ்ஸில் அந்தப் பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "சீக்கிரம் பர்மனென்ட் ஆவணும்னு ஜெபம் பண்ணும்மா."

நான் அவன் விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தன.