இடுப்பில் ஒரு தபா

மரகதம் என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தன் கோதண்டத்தின் பெண்டாட்டி. பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள் நாங்கள். வாய்ச் சண்டையில் அவளை ஜெயிக்க எனக்கு ஒரு ஜென்மம் போதாது.

கலைமணியைப் பெற்றெடுத்த கொஞ்ச நாளிலேயே அவளுக்குச் சரவாங்கி என்கிற முடக்குவாதம் வந்துவிட்டது. முதலில் விரல்கள் வீங்கின. பிறகு முட்டி. கடைசியில் இடது பக்க இடுப்பு மூட்டையே தின்றுவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். குழந்தை அழுதால் ஓடிப்போய்த் தூக்குகிறவள் நான்தான். அது என் இடுப்பிலேயே வளர்ந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு பெற்றவளுக்கு டாட்டா காட்டும். அவளும் சிரிப்பாள்.

"நடக்கலேன்னாகூடப் பரவால்லக்கா. ஒரே ஒரு தபா இவள இடுப்புல வெச்சிக்கினு தெருவுல நிக்கணும். அவ்ளோதான்" என்பாள்.

தொண்ணூற்றொன்று தை மாதம், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டையே மாற்றிவிடலாம் என்றார்கள். டாக்டர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "இந்த நோய்க்காரங்களுக்கு உடம்புல ஏற்கெனவே ரத்தம் கம்மி. ஆபரேஷன்ல மத்தவங்களவிட அதிகமாவும் போகலாம். வலி மாத்திரை போட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது. ஆபரேஷன் முடியறவரைக்கும் மாத்திரையே தொடக்கூடாது."

மரகதம் தொடவில்லை. மாத்திரையெல்லாம் மஞ்சள் பையில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டாள். ஆனால் எங்கள் பக்கத்தில் நடவுக்குப் போகிற பெண்கள் காலையில் டீயோடு ஒரு பொட்டலம் வலித்தூளை வாயில் கொட்டிக்கொண்டுதான் சேற்றில் இறங்குவார்கள். பெட்டிக்கடையில் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அதுவும் தொங்கும். அதை மருந்து என்று யாரும் நினைத்ததே கிடையாது. வலி தாங்காமல் அவளும் தினம் கொட்டிக்கொண்டாள்.

ஆபரேஷன் பாதியில் டாக்டர் வெளியே வந்தார். கோதண்டம் கொடுத்திருந்த ரத்தம் தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்றார்.

"மாத்திரை எதுனா போட்டாங்களா?"

"ஐயோ, இல்ல சார். டீயும் தூளும்தான்" என்றான் கோதண்டம்.

"என்ன தூளு?"

சொன்னோம். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினேன்.

"நீ தாங்குவியா அண்ணி?"

"உம் பொண்ண நாலு வருசமா சொமக்கறேன். இதுக்கா சாஞ்சிடுவேன்?"

என் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. பிழைத்தாள். வெளுத்துப்போன முகத்தோடு கண்ணைத் திறந்து, "பாப்பாவ எப்போ தூக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பதில் சொன்னார். நடக்கலாம், தரையில் குந்தக் கூடாது, கனம் தூக்கவே கூடாது.

ஆடியில் மறுபடி டாக்டரிடம் காட்டக் கிளம்பினோம். தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை அவளே நடந்தாள். பாதி வழியில் கலைமணி கால் வலிக்கிறது என்று சிணுங்கினாள். மரகதம் சட்டென்று நின்று, தடியை அக்குளில் இடுக்கி, இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி என் தங்கம்."

குழந்தை அவளைத் தாண்டி வந்து, "பெரிம்மா, தூக்கு" என்று என்னிடம் கையைத் தூக்கியது. அதன்மேல் தப்பில்லை, அது கண்ட இடுப்பு இதுதான். நீட்டிய கையால் மரகதம் தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான்தான் தூக்கிக்கொண்டேன்.

நிறுத்தத்துக்குப் போவதற்குள் கலைமணி என் தோளில் தூங்கிவிட்டாள்.

"தூங்கிட்டாளாக்கா?"

"ம்."

"அப்போ குடு. தூங்கறவளுக்கு யார் இடுப்புன்னு தெரியவா போவுது?"

டாக்டர் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் நிழற்குடைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். நான் நல்ல பக்கம் வைக்கப் போனேன்.

"இந்தப் பக்கம் வைக்கா. இதுக்குத்தான மாத்திக்கினேன்."

இடது பக்கம் வைத்தேன். பாரம் தெரியாதபடி அடியில் என் கையைக் கொடுத்திருந்தேன்.

"கைய எடு" என்றாள்.

எடுத்தேன். கலைமணி தூக்கத்திலேயே காலைச் சுற்றிப் போட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மரகதம் அசையவில்லை, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

பட்டணத்து பஸ் வந்தது. எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். நாங்கள் இருவரும் கை காட்டவில்லை. பஸ் போய்விட்டது.