மைக்கக்கா முந்தி அனுப்பிய செய்தி

பேருந்து நிலையத்தில் வண்டிகள் புறப்படுவதை அறிவிக்கும் வேலையில் தன் இளமை முழுவதையும் கழித்தவள் அவள். மைக்கைப் பிடித்தால், கடைசி பெஞ்சில் வாய் பிளந்து தூங்குகிறவனும் எழுந்து பையைத் தேடுவான். மைக் இல்லாமல் பேசினாலும் அப்படித்தான். அதனால் ஊருக்கே அவள் மைக்கக்கா.

அதே நிலையத்துப் பணிமனையில் அவளுடைய அண்ணன் மெக்கானிக். டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்மேல் அவனுக்கு ஒரு கண். வேலை இருக்கிறதோ இல்லையோ, கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் மைக்கக்கா பொறுக்க மாட்டாமல், "கிரீஸ் கையோடு கவுன்டர் முன்னால் நிற்கும் மெக்கானிக், பயணிகளுக்கு வழிவிடவும்" என்று அறிவித்துவிட்டாள். நிலையமே சிரித்தது. கவுன்டர் பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கல்யாணம் முடிவாகிவிட்டது.

கவுன்டர் பெண் பிறகு தொழிலாளர் சங்கத்துக்குப் போனாள், சட்டசபைத் தேர்தலில் நின்றாள், எல்லோரும் மூக்கில் விரல் வைக்க, ஜெயித்தும்விட்டாள். நாத்தனாரைத் தன் தொகுதி அலுவலகத்துக்கே அழைத்துக்கொண்டாள். மைக்கக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு எதுக்கு இன்னொரு வீடு? எங்கண்ணன் வீட்டுல இடமா இல்ல?" என்பாள். பெற்றவர்கள் போன பிறகு, தகப்பனுக்குத் தகப்பனாக நின்று அவளை ஆளாக்கியவன் அந்த அண்ணன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தின் மேல்தான் அந்தத் தொற்று வந்து விழுந்தது.

தெருக்கள் வெறிச்சோடின. ஆளாளுக்கு ஒரு வதந்தி. அப்போது அண்ணி ஒரு ஏற்பாடு செய்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொகுதியில் எல்லோருடைய போனும் மணியடிக்கும். எடுத்தால் அண்ணியின் குரல்.

"வணக்கம். உங்க எம்.எல்.ஏ. பேசுறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கிற பள்ளிக்கூடத்துல திங்கக்கிழமையிலேருந்து பரிசோதனை நடக்கும். ஆஸ்பத்திரியில படுக்கை நிறைஞ்சு கிடக்கு. லேசான காய்ச்சல்னா முதல்ல போன் பண்ணுங்க, மூச்சு வாங்குதுன்னா யோசிக்காம வாங்க. சட்டசபையில இந்த வாரம் என்ன நடந்துச்சுன்னா..."

பதிவு செய்த குரல் என்று தெரியாமல், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று விசாரித்த கிழவர்கள் உண்டு. அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மைக்கக்காவிடம் சண்டை பிடிப்பவர்களும் உண்டு.

"எம்.எல்.ஏ. அம்மா ஊர் உலகத்தையெல்லாம் பேசினாங்க, எங்க தெருவிளக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசலியே?"

"தொற்று போகட்டும்யா, விளக்கு வரும்!"

"நீங்க சொல்றதைப் பாத்தா இது போகவும் போகாது, அது வரவும் வராது போலிருக்கே!"

சபை நடக்கும் வாரங்களில் மட்டும் ஒரு சிக்கல். சபைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஓட்டெடுப்பு முடியவே மாலை ஆறு நெருங்கிவிடும். அதற்குமேல் பதிவு செய்ய ஏது நேரம்? அதனால் அண்ணி காலையிலேயே இரண்டு பதிவு செய்து வைத்துவிட்டுப் போவாள். அலுவலகத்தின் பின்னறையில், ஜன்னலுக்குப் போர்வையை மாட்டிக்கொண்டு, மசோதா நிறைவேறினால் சொல்ல வேண்டியது ஒன்று, நிறைவேறாவிட்டால் சொல்ல வேண்டியது ஒன்று. கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு 'ஆச்சு' என்று பெயர், மற்றதற்கு 'ஆகல'. முடிவு தெரிந்ததும் அண்ணியின் உதவியாளர் சபை வாசலிலிருந்து போன் செய்வார். அதன் பிறகு மைக்கக்கா இரண்டில் ஒன்றை அனுப்புவாள்.

"ஏன் அண்ணி, ஜெயிச்ச பதிவைவிடத் தோத்த பதிவுலதான் குரல் எடுப்பா இருக்கு?"

"எதிர்க்கட்சியில உக்காந்து பழகிப்போச்சுல்ல!"

அந்தச் சிரிப்பெல்லாம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த அன்றோடு நின்றது.

ஆஸ்பத்திரிக்குள் அவனைக் கொண்டுபோனார்கள், கதவைச் சாத்தினார்கள். நோயாளியோடு ஒருவரும் போகக் கூடாது, பார்க்கவும் கூடாது என்பது உத்தரவு. உள்ளே போனவர்களில் பலர் உறவின் முகத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். தலைமை மருத்துவர் அண்ணியைத் தனியாக அழைத்து, "நீங்க எம்.எல்.ஏ. ஒருத்தருக்கும் தெரியாம பின்வாசல் வழியா ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க" என்றார். அண்ணி மறுத்துவிட்டாள்!

அதைக் கேள்விப்பட்டு மைக்கக்கா கொதித்துப்போனாள்.

"நீங்க போகலன்னா பரவால்ல, என்னையாவது அனுப்பியிருக்கலாமே! அந்த நாற்காலி பெருசா, எங்கண்ணன் பெருசா?"

"கேட் வாசல்ல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு நீயும் பாத்தல்ல. அவங்க முகத்துல முழிச்சிட்டு நான் எப்படிப் பின்வாசல்ல நுழைவேன்?"

"அவங்களுக்கு நீங்க எம்.எல்.ஏ. எங்கண்ணனுக்குப் பொண்டாட்டி. அது ஞாபகம் இருக்கா?"

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. "சட்டம் கொண்டு வர்றேன். பாதுகாப்பு உடை போட்டுக்கிட்டு, வீட்டுக்கு ஒருத்தர், ஒரு தடவை உள்ளே போய்ப் பாக்கலாம்னு. எல்லாருக்கும் கதவு திறக்கட்டும். முதல் ஆளா நீ போ" என்றாள்.

மசோதா சபைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நிறைவேறினால் அன்று மாலையே கதவைத் திறக்க அரசும் ஒப்புக்கொண்டிருந்தது. அன்று காலைதான் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில், "உங்கண்ணனுக்கு நேத்தைக்கு இன்னைக்கு கொஞ்சம் மோசம்தான்மா" என்று சொல்லியிருந்தாள். மைக்கக்கா அலுவலகத்துத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் டைப்பிஸ்ட், எதற்கும் நாலு தடவை யோசிக்கிற மனிதர்.

சபையில் ஒரு மசோதாவை முதலில் பிரிவு பிரிவாகப் படித்து ஏற்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு முழு மசோதாவுக்கும் சேர்த்து ஓட்டெடுப்பு. அந்தக் கடைசி ஓட்டில் ஜெயித்தால்தான் மசோதா நிறைவேறியதாகக் கணக்கு. இது மைக்கக்காவுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ வெள்ளிக்கிழமை, போன் செய்தவர்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள்.

ஆனால் அன்று, "நோயாளியின் உறவினர் ஒருவர் உள்ளே சென்று பார்க்கலாம்" என்ற பிரிவைச் சபைத் தலைவர் வாசித்து, "ஏற்கப்பட்டது" என்று சொன்னபோது, உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். அந்தத் தட்டல் அவள் நெஞ்சுக்குள்ளேயே தட்டியதுபோல் இருந்தது. படக்கென்று எழுந்தாள்.

"இருங்கம்மா, சபையிலேருந்து போன் வரட்டும்" என்றார் டைப்பிஸ்ட்.

"இன்னும் எதுக்கு சார் போன்? கண்ணாலே பாத்தாச்சு, காதாலே கேட்டாச்சு! அங்க ஒருத்தன் மூச்சுக்குத் தவிச்சிட்டிருக்கான், நீங்க போன் வரட்டும்ங்கிறீங்க!"

'ஆச்சு' என்ற பதிவை அழுத்தினாள். தொகுதி முழுவதும் போன்கள் மணியடித்தன.

அடுத்த நிமிடம் தொலைக்காட்சியில் ஒரு கூச்சல். அண்ணியின் பக்கத்து இருக்கைப் பெரியவர், பேசுவதற்காக எழுந்தவர், முகக்கவசத்தை இழுத்துவிட்டு இருமினார், தள்ளாடினார், அப்படியே சரிந்தார். தலை மேசையில் மோதாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டவள் அண்ணி! நாற்காலிகள் உருண்டன. கும்பல் வாசலை நோக்கி ஓடியது. "சபை ஒத்திவைக்கப்படுகிறது" என்ற குரல் மட்டும் கேட்டது, திரை இருண்டுவிட்டது.

போன் அடித்தது. உதவியாளர்.

"எதையும் அனுப்பிடாதீங்கக்கா! கடைசி ஓட்டெடுப்பு நடக்கவே இல்ல. மசோதா அந்தரத்துல நிக்குது. விழுந்த பெரியவருக்குத் தொற்றுதான் போலிருக்குன்னு சபை டாக்டர் சொல்லிட்டார். மேடம் யார் பக்கத்துலயும் போகக் கூடாதாம்... அக்கா? ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கக்காவுக்குக் குரல் வரவில்லை. டைப்பிஸ்ட்தான் போனை வாங்கி, நடந்ததைச் சொன்னார்.

அனுப்பியதைத் திரும்ப வாங்க வழியில்லை. மறுப்புச் செய்தி அனுப்பலாம் என்றால், நன்றி சொல்லக் கூப்பிட்டவர்களால் எல்லா இணைப்பும் அடைத்துக் கிடந்தது. 'ஐயோ, இந்நேரம் கிளம்பியிருப்பார்களே!' தெருத்தெருவாக எச்சரிக்கை சொல்லிப் போக ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வாசலில் நின்றது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வண்டி ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன். நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

கேட் முன்னால் அத்தனை பேர்! ஒருவர் முகத்திலும் சோகம் இல்லை. அதுதான் கொடுமை. தலை வாரி, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பச்சைக் குழந்தையோடு ஒரு பெண், அதன் அப்பாவுக்குக் காட்ட வந்திருந்தாள். ஒரு தையல்காரர் மனைவியின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். "இது இல்லாம அவளுக்கு எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னு தெரியாதும்மா. அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டா."

"எனக்கு ஒரு உத்தரவும் வரல!" என்று காவலாளி கத்திக்கொண்டிருந்தான்.

"உனக்கு வரலன்னா போ! எங்க எம்.எல்.ஏ.வே போன்ல சொன்னாங்க!" என்று பதிலுக்குக் கத்தினார்கள். மைக்கக்காவைக் கண்டதும், "இதோ மைக்கக்கா வந்துட்டாங்க! அக்கா, இந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லுங்க!" என்று வழிவிட்டார்கள்.

மைக்கை எடுத்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. எப்படிச் சொல்வாள் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து?

அப்போது எதிர்ப்பக்கம் அண்ணியின் கார் வந்து நின்றது. கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. மைக்கக்காவின் போன் அடித்தது.

"நான் இறங்கக் கூடாது. போனை மைக்குக்கிட்ட பிடி" என்றாள் அண்ணி.

பிடித்தாள். வெள்ளிக்கிழமைக் குரல் ஒலிபெருக்கியில் எழுந்தது.

"வணக்கம். உங்க எம்.எல்.ஏ. பேசுறேன். ஆறு மணிக்கு உங்களுக்கு வந்த செய்தி தப்பு. சட்டம் இன்னும் ஆகல. கடைசி ஓட்டெடுப்புக்கு முன்னாலயே சபையை ஒத்திவச்சுட்டாங்க. தப்பு என் ஆபீஸ்ல நடந்தது, அதனால அது என் தப்பு. இன்னைக்கு இந்தக் கதவு திறக்காது."

கூட்டம் பொங்கிவிட்டது.

"ஆசை காட்டி மோசம் பண்ணிட்டீங்களே!"

"ஓட்டுக் கேக்கறப்போ மட்டும் வீடு வீடா வந்தீங்க, இப்போ கண்ணாடிக்குள்ள உக்காந்து பேசறீங்களா!"

ஒரு செருப்பு பறந்து கார்க் கண்ணாடியில் மோதியது. கார் நகரவில்லை.

"திட்டுங்க. திட்டி முடிச்சிட்டு ஒண்ணு கேளுங்க. காத்து வரணும்னு மாடி ஜன்னலையெல்லாம் திறந்துதான் வச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட இப்பத்தான் பேசினேன். இந்த மைக்குல பேசினா உங்க குரல் படுக்கை வரைக்கும் கேக்கும். தள்ளித்தள்ளி நின்னு, ஒவ்வொருத்தரா பேசுங்க. கண்ணாடி, துணி எது கொண்டு வந்திருந்தாலும் பேர் எழுதிக் காவலாளிகிட்ட குடுங்க, உள்ள சேத்துடுவாங்க."

திட்டியவர்கள் தள்ளித்தள்ளி நின்றார்கள். முதலில் வந்தவர் தையல்காரர். ஊரே கேட்க மனைவியோடு பேசிப் பழக்கமில்லாதவர், கூச்சத்தில் நெளிந்தார். "ஏய்... நான்தான். கண்ணாடி குடுத்தனுப்பறேன். அங்க போயும் பக்கத்துப் படுக்கைக்காரங்ககிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லாதே" என்றார். சிரிப்பும் அழுகையும் கலந்து ஒரு சத்தம் எழுந்தது. மாடி ஜன்னலில் உடல் முழுவதும் மூடிய நர்ஸ் ஒருத்தி தோன்றி, கேட்டது என்று கையை ஆட்டினாள்.

அவ்வளவுதான், வரிசை நீண்டது. ஒவ்வொருவர் பேசியதும் மைக்கக்கா மைக்கைத் துடைத்து அடுத்தவருக்கு நீட்டினாள். குழந்தைக்காரி ஒன்றும் பேசவில்லை. குழந்தையை லேசாகக் கிள்ளி அழவைத்து, அந்த அழுகையைக் கேட்கவைத்தாள்.

பாதி வரிசை முடிந்ததும் மைக்கக்காவால் அடக்க முடியவில்லை. மைக்கை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணி, என்மேல கோவமா இருப்பீங்க. அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்போ நான் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன். எந்த ஜன்னல் அண்ணி?"

மாடியை அண்ணாந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள்.

"அண்ணி? எந்த ஜன்னல்?"

"வேணாம்மா" என்றாள் அண்ணி. ஒலிபெருக்கியில் அத்தனை நிதானமாகப் பேசிய குரல் இப்போது கிழிந்திருந்தது. "சபை வாசல்லயே ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துடுச்சு. நீ அந்தப் பதிவை அனுப்பறதுக்கு முன்னாலயே அவர் போயிட்டார்."

மைக்கக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். இது தெரிந்துகொண்டா இத்தனை நேரமும் அண்ணி பேசினாள்! செருப்படி வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு ஜன்னல் காட்டிக்கொண்டு! ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளவும் வழியில்லை. சாலையின் அந்தப் பக்கம், ஏற்றிய கண்ணாடிக்குள், பின்சீட்டில் ஒரு உருவம் குனிந்து குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"அண்ணி..."

"அழு. ஆனா மைக்கை விட்டுடாதே. இன்னும் பாதிப் பேர் நிக்கிறாங்க. அவங்களோட ஆளுங்க கேக்கற நிலைமையில இருக்காங்க."

வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "என்னக்கா, மைக் கெட்டுப்போச்சா?" என்று தவிப்போடு கேட்டாள்.

மைக்கக்கா முகத்தைத் துடைக்கவில்லை. மைக்கைத் துடைத்தாள். பொத்தானை அழுத்தி, "அடுத்தது நீங்கம்மா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். இந்த முறை குரல் கணீரென்று வந்தது.